பாறையில் ஒரு பிளவு

மாமல்லபுரத்தில் கடலுக்கு முகம் காட்டிக்கொண்டு, சாலையோரமாகவே நிற்கிறது அந்தப் பெரிய பாறை. அதன் முன்னால் வந்து நிற்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது யாருடைய தபசு?" பத்தாவது ஆசாமி கேட்பதில்லை. வழிகாட்டி அவருக்கு முன்பே சொல்லிவிட்டிருப்பார்.

கேள்வி நியாயமானதுதான். ஒற்றைக் காலில் நின்று, இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, விலா எலும்பு தெரிய ஒருவன் தவம் செய்கிறான். அவனுக்கு அருகில் நான்கு கரங்களுடன் சிவபெருமான் நெடிதுயர்ந்து நின்று வரம் அளிக்கிறார். பாசுபதம் வேண்டித் தவம் கிடந்த அர்ச்சுனன்தான் இவன் என்பது ஒரு கட்சி. இல்லை, கங்கையைப் பூமிக்குக் கொண்டுவந்த பகீரதன் என்பது மறு கட்சி. 1914ஆம் ஆண்டில் விக்டர் கோலுபேவ் என்ற அறிஞர் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதி, இந்த இரண்டாவது கட்சியை வலுவாக நிலைநாட்டினார். பாறையின் நடுவே உள்ள பிளவைப் பாருங்கள், அதில் நாகராஜனும் நாககன்னியும் கைகூப்பி மேலே ஏறுவதைப் பாருங்கள், அது நதியல்லாமல் வேறென்ன என்பது அவர் வாதம். பிளவுக்கு மேலே நீரைத் தேக்கி வழியவிடுவதற்கான தொட்டியின் அடையாளங்கள் இருப்பதும் அந்தக் கட்சிக்குப் பலமான சாட்சி.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த வழக்கில் சுவாரசியம் இல்லாமல் இல்லை. ஆனாலும், ஒரு நூற்றாண்டாக நாம் இந்த ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்ததில் இன்னொரு கேள்வி பின்தங்கிப் போய்விட்டது என்றே நினைக்கிறேன். ஏறக்குறைய 96 அடி நீளம், 43 அடி உயரம். நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். தேவர், முனிவர், வேடர், யானை, சிங்கம், குரங்கு, மான், பூனை, எலி. இத்தனையும் ஒரே பாறையில் இருந்தும் அது சந்தைக்கடையாகத் தோன்றாமல் ஒரே சித்திரமாகத் தோன்றுகிறதே, அது எப்படி? தபசு யாருடையது என்பது புராணம் படித்தவர்களுக்குரிய கேள்வி. இதுவோ கண் உள்ளவர்கள் எல்லாருக்கும் உரிய கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் சாஸ்திரத்துக்கு இன்று கலைப் பள்ளிகளில் 'வடிவமைப்புத் தத்துவங்கள்' என்று பெயர். சமநிலை, லயம், பொருத்தம், அழுத்தம், அளவு, ஒருமை என்று மாணவர்கள் நெட்டுருப் போடுகிறார்கள். ஆசிரியருக்கு ஆசிரியர் பட்டியல் சற்று மாறும், சாரம் மாறாது. இந்தப் பட்டியலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் ஆர்தர் வெஸ்லி டௌ என்ற ஓவிய ஆசிரியர் 1899இல் 'காம்பொசிஷன்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். மூக்கையும் காதையும் பார்த்து அப்படியே வரையப் பழகுவதற்கு முன்னால், ஒரு வெற்றிடத்தை அழகாகப் பங்கிடக் கற்றுக்கொள் என்பது அதன் உபதேசம். ஜப்பானியச் சித்திரங்களைப் பார்த்து அவர் பெற்ற ஞானம் அது. பிறகு 1907இல், ஹார்வர்டு சர்வகலாசாலையில் போதித்துவந்த டென்மன் ராஸ் என்பவர் இன்னும் இறுக்கமாக ஒரு நூல் எழுதினார். பொருத்தம், சமநிலை, லயம் என்ற மூன்றே தூண்களின்மேல் சித்திரக் கலை முழுவதையும் நிறுத்திக் காட்ட முயன்றார்.

இந்த டென்மன் ராஸுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, தேடித் தேடிச் சேர்த்த இந்தியக் கலைப் பொருள்களையெல்லாம் 1917இல் விலை கொடுத்து வாங்கிப் பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலைக்கு அளித்தவர் இதே ராஸ்தான். அந்தச் சேகரத்தோடு குமாரசுவாமியும் அந்தக் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தார். 1947இல் மறையும்வரை அங்கேயே பணி செய்தார். ஆக, 'தத்துவங்கள்' என்று இன்று மேல்நாட்டு முத்திரையோடு நமக்கு வந்து சேருகிற சரக்கு, கிழக்கு நாட்டுச் சித்திரங்களை வெகுகாலம் உற்றுப் பார்த்த கண்களிலிருந்தே பிறந்தது. இதைச் சொல்வது மார்தட்டிக்கொள்வதற்காக அல்ல. "அதெல்லாம் வெள்ளைக்காரன் விவகாரம், நம் சிற்பி பக்தியால் செதுக்கினான்" என்று சொல்லி விஷயத்தை மூடிவிடுகிற நம்முடைய சோம்பேறித்தனத்துக்காகச் சொல்கிறேன்.

பக்தி இருந்தது, கூடவே யோசனையும் இருந்தது. விஷ்ணுதர்மோத்தரம் என்ற பழைய நூலில் வஜ்ரன் என்ற அரசன் மார்க்கண்டேய முனிவரிடம் சிலை வடிக்கும் முறையைக் கேட்கிறான். சித்திரம் தெரியாதவனுக்குச் சிலை புரியாது என்கிறார் முனிவர். சித்திரம் புரிய நாட்டியம் தெரிய வேண்டும். நாட்டியம் புரிய வாத்தியம் தெரிய வேண்டும். வாத்தியம் புரியப் பாட்டு தெரிய வேண்டும். அரசன் ஒரு கதவைத் தட்ட, உள்ளே நாலு கதவுகள் இருக்கின்றன! லயம் என்ற சொல்லைச் சங்கீதத்திலிருந்து சித்திரத்துக்குக் கடன் வாங்க ராஸுக்கு 1907 ஆயிற்று. நம் முனிவர் வெகு நூற்றாண்டுகளுக்கு முன்பே வட்டியும் முதலுமாக வாங்கிவிட்டார்.

காமசூத்திரத்துக்கு உரை எழுதிய யசோதரர் சித்திரத்துக்கு ஆறு அங்கங்கள் சொல்கிறார்: உருவ பேதம், பிரமாணம், பாவம், லாவண்யம், சாதிருசியம், வர்ணப் பிரயோகம். வங்கத்து ஓவியர் அவனீந்திரநாத தாகூர் இந்த ஆறுக்கும் விளக்கம் எழுதி உலகறியச் செய்தார். சீன தேசத்திலும் ஷியே ஹோ என்பவர் ஆறாம் நூற்றாண்டை ஒட்டி ஆறு விதிகள் வகுத்திருக்கிறார். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். சீனருடைய ஐந்தாவது விதி, எதை எந்த இடத்தில் வைப்பது என்பதைப் பற்றியது. நம்முடைய ஆறு அங்கங்களிலோ, ஓர் உருவம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இலக்கணம் இருக்கிறதே தவிர, நூறு உருவங்களை ஒரு பரப்பில் எப்படி நிறுத்துவது என்பதற்குத் தனியாக ஓர் அங்கம் இல்லை.

ஏட்டில் இல்லாத அந்த ஏழாவது அங்கத்தை மாமல்லபுரத்துச் சிற்பிகள் பாறையில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்தச் சிற்பிகளுக்குப் பின்னால் ஒரு தலைமுறைச் சரித்திரம் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு ஒரு கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையோடு சொல்லிக்கொண்டவன் மகேந்திரவர்ம பல்லவன். 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதியவன். 'சித்திரகாரப் புலி' என்று பட்டம் சூட்டிக்கொண்டவன். யானை கட்டிப் போர் செய்வதைவிட ஓவியனாக இருப்பதில் பெருமை கண்ட அரசர்கள் உலகில் எத்தனை பேர்? அவன் மகன் நரசிம்மவர்மன், 630 முதல் 668 வரை ஆண்ட மாமல்லன். அவன் பெயரைத்தான் ஊர் இன்றும் சுமக்கிறது. கல்கி 1940-களில் 'சிவகாமியின் சபத'த்தை எழுதியதிலிருந்து, தமிழ் வாசகர்களுக்கு அந்தத் தகப்பனும் மகனும் பக்கத்து வீட்டுக்காரர்களைப்போல் ஆகிவிட்டார்கள். மாமல்லபுரத்துச் சின்னங்கள் எல்லாமே ராஜசிம்மன் காலத்தவை என்று 1960-களில் இரா. நாகசாமி வாதாடினார். எந்தப் பல்லவனாக இருந்தாலும் சரி, நான் பேச வந்தது உளி பிடித்தவனைப் பற்றி. அவன் பெயரை எந்தக் கல்வெட்டும் இந்தப் பாறையில் சொல்லவில்லை.

அவனுக்குக் கொடுக்கப்பட்ட பாறை ஒரு பழுதான பாறை. நடுவில், மேலிருந்து கீழாக, இயற்கையே கிழித்துவைத்த ஒரு பிளவு. வீட்டுக்கு அம்மி வாங்கப் போகிறவள்கூடக் கீறல் விழுந்த கல்லைத் தொடமாட்டாள். சாதாரணச் சிற்பியாக இருந்தால் என்ன செய்திருப்பான்? வேறு பாறை தேடியிருப்பான். அல்லது பிளவுக்கு இந்தப் பக்கம் ஒரு கதை, அந்தப் பக்கம் ஒரு கதை என்று பாகப் பிரிவினை செய்திருப்பான். இவன் அந்தப் பழுதையே மூலஸ்தானமாக ஆக்கிவிட்டான். கல்லில் எங்கே ஒன்றுமே இல்லையோ, அந்த இடத்தை நோக்கி மற்ற எல்லாரையும் திருப்பிவைத்தான். வலப்பக்கத்துத் தேவர்கள் இடப்பக்கம் நோக்கி வருகிறார்கள். இடப்பக்கத்தார் வலப்பக்கம் நோக்கி வருகிறார்கள். கூட்டத்தில் ஒருவன் வானத்தை அண்ணாந்து பார்த்தால் நாமும் பார்ப்போமல்லவா? அந்த மனித சுபாவம் இங்கே வேலை செய்கிறது. எந்த மூலையில் பார்வையைப் பதித்தாலும், அங்கிருக்கிற உருவம் நம் கண்ணைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் பிளவில் விட்டுவிடுகிறது. பள்ளிக்கூடப் பட்டியலில் 'அழுத்தம்' என்பது இதுதான். அழுத்தம் கொடுக்க வேண்டிய பொருளைப் பெரிதாகச் செதுக்க வேண்டும் என்று நினைப்போம். இவன் அதைச் செதுக்கவே இல்லை, சுற்றியிருப்பவர்களைச் செதுக்கினான்.

அடுத்தது லயம். பாறையின் மேல் வரிசையில் தேவர்களும் கந்தர்வர்களும் ஜோடி ஜோடியாகப் பறந்து வருகிறார்கள். இறக்கை கிடையாது. மடங்கிய முழங்கால் ஒன்றே அவர்கள் பறக்கிறார்கள் என்று சொல்கிறது. அந்த மடங்கிய கால் அடுத்த ஜோடியிலும் வருகிறது, அதற்கடுத்த ஜோடியிலும் வருகிறது. தாளம் மாறாமல் விழுகிறது. ஆனால் ஒரு ஜோடியைப்போல் மற்றொரு ஜோடி இல்லை: கைகள் மாறுகின்றன, தலை சாய்கிற கோணம் மாறுகிறது. ஆதி தாளத்தின்மேல் வித்துவான் விதவிதமாகக் கோர்வை வைப்பதுபோல. மாறாத ஒன்று இல்லாவிட்டால் மாறுவது தெரியாது. மாறுதல் இல்லாவிட்டால் மாறாதது தூக்கம் வரவழைக்கும். மார்க்கண்டேயர் ஏன் அரசனைப் பாட்டுக் கற்கச் சொன்னார் என்பது இங்கே வந்தால்தான் புரிகிறது.

சமநிலை என்பதைப் பற்றி நமக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. வாசலுக்கு இருபுறமும் இரண்டு துவாரபாலகர்கள். இந்தப் பக்கம் ஒரு வாழைமரம், அந்தப் பக்கம் ஒரு வாழைமரம். அதுவும் சமநிலைதான், ஆனால் சுலபமானது. இந்தப் பாறையில் வலப்பக்கத்தின் கீழே என்ன இருக்கிறது? யானைகள். உயிருள்ள யானையின் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்ட ஒரு பெரிய களிறு, பின்னால் பிடி, காலடியில் குட்டிகள். கல்லின் கனம் முழுவதும் அங்கே இறங்கிவிட்டது. இடப்பக்கத்தின் கீழே அதற்கு ஈடாக ஒரு யானையும் இல்லை. ஒரு சின்னக் கோயில், உள்ளே திருமால், வெளியே அமர்ந்த முனிவர்கள். மேலே தவசியும் சிவபெருமானும். சிறு சிறு உருவங்கள்தான். இருந்தும் பாறை வலப்பக்கம் சாய்ந்துவிடவில்லை. ஏன்? கதையின் கனம் முழுவதும் இடப்பக்கத்தில் இருக்கிறது. தராசில் ஒரு தட்டில் மூட்டைப் பஞ்சை வைத்து, மறு தட்டில் ஒரு படிக்கல்லை வைத்து முள்ளை நேராக நிறுத்துகிற வியாபாரியின் சாமர்த்தியம் அது. ஒருபுறம் உடலின் எடை. மறுபுறம் பொருளின் எடை.

அந்த யானைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நூறு உருவங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவருகிற கண் களைத்துப் போகும். அந்தக் களைப்புக்குச் சாய்மானம் வேண்டும். யானையின் விசாலமான, மழமழவென்ற விலாப்புறம் அந்தத் திண்ணை. காலை வெயில் கிழக்கிலிருந்து நேராக அதன்மேல் விழும்போது, கண் அங்கே சிறிது உட்கார்ந்து எழுந்து மறுபடி கூட்டத்துக்குள் புகுகிறது. எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. எல்லாப் பக்கங்களிலும் சம்பவம் நடந்துகொண்டேயிருந்தால் வாசகர் புத்தகத்தை மூடிவைத்துவிடுவார்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவபெருமான் தவசியைவிடப் பெரியவர்; அவரைச் சுற்றியிருக்கும் பூதகணங்கள் சிறியவை. அது அந்தஸ்தின் அளவு. யானை பெரிது, மான் சிறிது, எலி இன்னும் சிறிது. அது இயற்கையின் அளவு. இரண்டு அளவுகோல்களையும் ஒரே பாறையில் பயன்படுத்தியிருக்கிறான், ஒன்றை ஒன்று முட்டாமல். தெய்வம் இருக்கும் பகுதியில் முதல் அளவுகோல். காடு இருக்கும் பகுதியில் இரண்டாவது.

இப்போது அந்தப் பூனைக்கு வருவோம். பெரிய யானையின் தந்தத்துக்கு அருகே ஒரு பூனை பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள் நம்பிக்கையோடு விளையாடுகின்றன. பூனை சந்நியாசி கதை எல்லாருக்கும் தெரிந்ததே. எல்லாரும் சிரித்துவிட்டுப் போகிறோம். கொஞ்சம் நின்று பார்த்தால், அந்தப் பூனையின் நிலையும் பிளவுக்கு அப்பால் மேலே நிற்கும் தவசியின் நிலையும் ஒன்றே என்பது தெரியும். அதே நிமிர்வு, அதே தூக்கிய கைகள். ஒரு செய்யுளின் எதுகை எங்கோ ஓர் அடியில் தொடங்கி இன்னோர் அடியில் வந்து பொருந்துவதுபோல, மேலே மெய்த்தவம், கீழே பொய்த்தவம். வடிவம் ஒன்று, உள்ளம் வேறு. வரம் கொடுக்கிற தெய்வத்துக்கு வித்தியாசம் தெரியும், எலிகளுக்குத் தெரியாது!

உபதேசமாக ஒரு வார்த்தை இல்லை. ஒரே நிலையை இரண்டு இடங்களில் வைத்தான், அவ்வளவுதான். அரசன் செலவில், தெய்வத்தின் சந்நிதியில், வேஷதாரிகளைப் பற்றி அவன் சொல்ல நினைத்ததை இடம் குறித்தே சொல்லிவிட்டான். வடிவமைப்பு என்பது ஏதோ அலங்கார வேலை, அர்த்தம் வேறெங்கோ இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பூனை ஒன்றே போதும். பூனையை அப்படியே பெயர்த்து ஒரு மேஜைமேல் வைத்தால் அது வேடிக்கைப் பொம்மை. அந்த இடத்தில் இருக்கும்போதுதான் அது ஒரு கருத்து.

இடம் குறிப்பதே முதல் வேலை என்பதற்கு அதே ஊரில் வேறொரு சாட்சியும் இருக்கிறது. அதே குன்றின் தென்பகுதியில், இதே காட்சியைச் செதுக்கத் தொடங்கி முற்றுப்பெறாமல் நின்றுபோன இன்னொரு பாறை உண்டு. பிரயாணிகள் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே முகங்கள் தெளியவில்லை, விரல்கள் பிரியவில்லை. ஆனால் யார் எங்கே நிற்பது என்பது தீர்மானமாகிவிட்டது. பெரிய பாறையிலேயே இடப்பக்கத்தின் கீழ்மூலை முடிவுறாமல் இருக்கிறது. குறைவேலைகள் ஒரு வகையில் நமக்குக் கிடைத்த பாக்கியம். முடிந்த சிற்பம் வித்தையை மறைத்துவிடும். முடியாத சிற்பம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நமக்கு என்ன ஆகவேண்டும் என்று கேட்கலாம். ஆகவேண்டியது இருக்கிறது. 1984ஆம் ஆண்டு மாமல்லபுரத்துச் சின்னங்கள் உலகப் பாரம்பரியச் சொத்துகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்தப் பாறையைக் கம்பி வேலி காப்பாற்றும். பட்டியலில் இடம்பெறாத கோயில்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றனவே, அவற்றை யார் காப்பாற்றுவது? திருப்பணி என்ற பெயரில் மணலை விசையோடு பீய்ச்சியடித்துச் சிலைகளின் மூக்கையும் விரலையும் தேய்த்த கோயில்களை நான் பார்த்திருக்கிறேன். தூண்களுக்கு நடுவே சிற்பி விட்டுவைத்த வெற்றிடத்தை 'வீணாக இருக்கிறதே' என்று சுவர் எழுப்பி அடைத்திருக்கிறார்கள். இருளும் ஒளியும் கலந்து விழ வேண்டிய மண்டபத்தில் வரிசையாகக் குழல் விளக்கு. சாம்பல் நிறக் கல்லின்மேல் பச்சையும் ரோஜா நிறமுமாக எனாமல் பூச்சு. அதற்குக் கீழே உபயதாரர் பெயர்.

செய்தவர்கள் பக்தியில்லாதவர்கள் அல்லர். கைப்பணம் போட்டுச் செய்தவர்கள். இந்தச் சிலை யார், அந்தச் சிலை யார் என்று கேட்டால் கதையைத் தங்குதடையின்றிச் சொல்வார்கள். கதை அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது, போய்விட்டது பார்வைதான். கதையை மட்டும் கேட்டுப் பழகிய ஜனங்கள், உருவம் இருந்தால் போதும் என்று திருப்தியடைந்துவிடுகிறார்கள். உருவத்தைச் சுற்றியிருக்கும் வெறுமையும், நிழலும், இரண்டு உருவங்களுக்கு இடையேயுள்ள தூரமும் சிற்பத்தைச் சேர்ந்தவை என்பது தெரியாவிட்டால், அவற்றை அழிக்கும்போது எதையும் அழிப்பதாகவே தோன்றாது. சத்துரு இடித்தால் நமக்குக் கோபம் வரும். அன்பினால் அழிக்கிறபோது கும்பாபிஷேகம் செய்து பிரசாதமும் வழங்கிவிடுகிறோம்.

ஆகையால், சமநிலை என்றும் லயம் என்றும் வருகிற அந்தச் சின்னப் பட்டியலை ஓவியப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும் விட்டுவைப்பது சரியல்ல என்பது என் அபிப்பிராயம். கோயில் தர்மகர்த்தாவுக்கு அது வேண்டும். வீடு கட்டுகிறவருக்கு வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தில் இருக்கிற எல்லாப் பூவையும் போடச் சொல்லுகிற நமக்கும் வேண்டும். கற்பதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. விடியற்காலையில் அந்தப் பாறைக்கு எதிரே, 'யார் தபசு?' என்ற கேள்வியை மட்டும் செருப்போடு கழற்றிவைத்துவிட்டு, அரை மணி நேரம் சும்மா நின்றால் போதும். எந்த உருவத்திலிருந்து எந்த உருவத்துக்குப் போகிறோம் என்று நம் கண்ணின் நடையை நாமே கவனிக்க வேண்டும். அது தன்னிஷ்டமாக நடக்கவில்லை, பெயர் தெரியாத ஒருவன் போட்டுவைத்த பாதையில் நடக்கிறது என்பது சற்று நேரத்தில் தெரிந்துவிடும்.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவன் கையில் கிடைத்தது கீறல் விழுந்த ஒரு கல். அதை அவன் மறைக்கவில்லை, பூசி மெழுகவில்லை. எது எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்தான், கீறல் கங்கையாகிவிட்டது. நமக்குக் கிடைத்திருப்பதோ கீறல் இல்லாத முழுப் பொருள். அதில் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதற்காவது நமக்குக் கண் வேண்டாமா?